கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?

அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்குக் கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரியில் அனுமதிச் சீட்டு தருகிறது. உயரம் 1,868 மீட்டர். பொதிகை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த மலைதான். தாமிரபரணி அங்கேதான் பிறக்கிறது என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருப்போம். தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள். போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து நடக்க ஆரம்பித்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்குப் போய் இறங்க வேண்டும். யானையும் காட்டெருமையும் சோலைமந்தியும் வரையாடும் வாழ்கிற காடு. இப்படிப்பட்ட மலைக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பில் பல ஆண்டுகள் ஒரு வரி இருந்தது. பெண்களும் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் விண்ணப்பிக்க வேண்டாம்.

அந்த 'உம்'மைக் கவனியுங்கள். நாற்பது வயதுத் தாவரவியல் பேராசிரியையும் எட்டாம் வகுப்புப் பையனும் ஒரே வரியில். பையனுக்காவது ஒரு விடிவு உண்டு, அடுத்த வருடம் வளர்ந்துவிடுவான்.

காரணம் கேட்டால் அகத்தியரைக் காட்டினார்கள். மலை உச்சியில் அவர் சிலை இருக்கிறது, அவர் பிரம்மச்சாரி, பெண் வாடை கூடாது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அகத்தியர் கல்யாணமானவர். மனைவி பெயர் லோபாமுத்திரை. ரிக் வேதத்தின் முதல் மண்டலம், 179ஆம் சூக்தம் அந்தத் தம்பதியின் உரையாடல். தவம் தவம் என்றே இருந்துவிட்ட கணவனிடம், வயதாகிக்கொண்டு போகிறதே, என்னை எப்போது கவனிப்பாய் என்று கேட்கிறாள் அவள். மனைவியின் ஆசை வேதத்திலேயே பதிவாகியிருக்கிற ஒரு முனிவருக்குப் பிரம்மச்சாரிப் பட்டம் கட்டி, அதை வைத்துப் பெண்களைக் கீழே நிறுத்தினார்கள். புராணத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறவர்கள் புராணத்தைப் படிப்பதில்லை என்பது நமக்குப் பழகிய செய்திதான்.

பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. நடுவில் ஒரு சமரசம் வந்தது. பெண்கள் அதிருமலை வரை வரலாம், உச்சி கிடையாது. பந்தியில் உட்காரலாம், இலை போட மாட்டோம் என்கிற மாதிரி. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பாலினத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சபரிமலை குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கேரளமே கொதித்துக்கொண்டிருந்த 2019 ஜனவரியில், தன்யா சனல் என்கிற மத்திய அரசு அதிகாரி அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உச்சிக்கு ஏறிய முதல் பெண் ஆனார். அகத்தியருக்கு எதுவும் ஆகவில்லை. தாமிரபரணியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

காணி மக்கள் எதிர்த்தார்களே என்பார்கள். எதிர்த்தார்கள். காணிப் பெண்களும் அந்த எதிர்ப்பில் இருந்தார்கள். ஆனால் வழியை மறிக்கவில்லை. இதை ஒற்றை வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த மலை அவர்களுடையது. 1987இல் விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்தக் காட்டில் நடந்து களைத்தபோது, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு அலுப்பில்லாமல் நடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியுலகுக்குத் தெரிந்தது, 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அவ்வளவு அறிவுள்ள மக்கள், வெளியாள் யாரும் எங்கள் மலை உச்சிக்கு வரக் கூடாது என்று சொன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருவேன். ஆனால் நடந்தது அதுவல்ல. திருவனந்தபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆண் வெளியாட்கள் சீசனுக்குச் சீசன் சீட்டு வாங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். சீட்டைக் கிழித்துக் கொடுத்தது அரசு. ஒரு அரசு அலுவலகம் காசு வாங்கிக்கொண்டு தருகிற சீட்டை ஆணுக்கு மட்டும்தான் தருவேன் என்று சொல்ல முடியுமா என்பதுதான் வழக்கு. பழங்குடிகளின் நில உரிமை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் காது கேட்காத துறைகளுக்கு, பெண்களைத் தடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அவர்கள் நம்பிக்கை மேல் பக்தி பொங்கிவிடுகிறது.

சாமி வழக்கில் தோற்றுவிட்டது. இப்போது அந்த நாற்காலியில் 'பாதுகாப்பு' உட்கார்ந்திருக்கிறது. இதற்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது, ஏனென்றால் எந்தத் தாளிலும் இது எழுதப்படவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு செக்போஸ்ட். பெயர் வேண்டாம், எந்த செக்போஸ்ட் என்றாலும் கதை ஒன்றுதான். நாங்கள் நான்கு பெண்கள், எங்களில் மூத்தவருக்கு 58 வயது. கையில் முறையான அனுமதிக் கடிதம், அனுபவமுள்ள கைடு, தங்குவதற்கு முகாமில் பதிவு, எல்லாம் இருந்தன. காவலர் கடிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா மேடம்?" இல்லை என்றதும் மேலதிகாரிக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரம் நின்றோம். அதற்குள் இளைஞர்கள் நிறைந்த ஜீப் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு போனது. அவர்களிடம் ஒரு கேள்வி கிடையாது. 'கூட லேடீஸ் யாரும் வரலையா' என்று எந்த ஆண் குழுவிடமும் யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் காட்டுக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் தலையில் சுள்ளிக் கட்டோடு இறங்கி வந்தார்கள். காவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய ஒருவர் எங்களிடம் கேட்டார். "எங்கம்மா போறீங்க?" "சும்மா, காட்டைப் பார்க்கத்தாங்க்கா." "பார்க்கவா?" என்று அவருக்குச் சிரிப்பு. பிறகு, "கீழ்ப் பாதையில போகாதீங்க. ஓடைகிட்ட யானை குட்டியோட நிக்குது" என்றார். அன்றைக்கு எங்கள் பாதுகாப்புக்கு உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னவர் அவர்தான். அவருக்குச் சீருடையும் இல்லை, சம்பளமும் இல்லை.

நான் சொல்ல வருவது இந்த இரண்டு கட்டுகளைப் பற்றித்தான். தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் காட்டுக்குள் போனால் அது ஆபத்து இல்லை. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு போனால் ஆபத்து. யானை அதே யானை, சிறுத்தை அதே சிறுத்தை. வால்பாறையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் காலங்காலமாகச் சிறுத்தை நடமாடுகிற தேயிலைப் புதருக்குள் இடுப்பளவு நின்று வேலை செய்கிறார்கள். லைன் வீட்டு வாசலில் விளையாடிய குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிப் போயிருக்கிறது. "பெண்களுக்கு இது ஏற்ற இடமில்லை, கூட ஒரு ஆண் வராமல் கொழுந்து பறிக்க அனுப்ப மாட்டோம்" என்று எந்த எஸ்டேட்டாவது சொல்லியிருக்கிறதா? எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் தேனுக்கும் கிழங்குக்கும் கூலிக்கும் பெண் காட்டுக்குள் போகலாம். அடுத்தவர் அடுப்பு எரிவதற்காகப் போகும்வரை அவள் பத்திரம். தன் கண் குளிரப் போகிறாள் என்றதும் ஊர், உறவு, அரசு மூன்றும் பதறுகின்றன. அவர்களைப் பதறவைப்பது அவளுடைய ஓய்வு. மிருகத்தை ஒரு சாக்காக நடுவில் நிறுத்துகிறார்கள்.

பாதுகாப்பு என்றால் என்ன என்று வனத்துறைக்குத் தெரியாமலில்லை. அதே வால்பாறையில் யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்று கண்காணித்து மக்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிற ஏற்பாடு இருக்கிறது. முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர்கள் விளக்கைப் பார்த்து நின்றுகொள்வார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையும் மக்களுமாகச் சேர்ந்து செய்தது. யாரையும் வீட்டுக்குள் பூட்டவில்லை, தகவல் கொடுத்தார்கள். உயிர்கள் பிழைத்தன.

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு குட்டி போடுகிற பருவத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். தாய் ஆட்டுக்குத் தொந்தரவு கூடாது என்று சுற்றுலாப் பயணியை வெளியே நிறுத்துகிறார்கள். மிகச் சரி. தொந்தரவு செய்கிறவனைத்தான் நிறுத்த வேண்டும் என்ற அறிவு வரையாடு விஷயத்தில் இருக்கிறது. பெண் விஷயத்தில் மட்டும் தலைகீழ். முகாமில் குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிற கும்பலால் பெண்களுக்குத் தொந்தரவு என்றால், பெண்கள் வர வேண்டாம் என்பது முடிவு. குடிகாரர்கள் வர வேண்டாம் என்பது இல்லை.

அடுத்தது ரத்தம். மாதவிலக்கு நாளில் காட்டுக்குப் போனால் வாசனைக்கு மிருகம் வரும் என்று நம் வீட்டில் சொல்வார்கள், முகாமில் கைடும் தயங்கித் தயங்கிச் சொல்வார். இது ஏதோ நம்மூர் மூடநம்பிக்கை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. 1967 ஆகஸ்ட் 12ஆம் தேதி இரவும் மறுநாள் விடிவதற்கு முன்புமாக, அங்கே இரண்டு வெவ்வேறு இடங்களில் திறந்தவெளியில் படுத்திருந்த இரண்டு இளம்பெண்களை இரண்டு கிரிஸ்லி கரடிகள் கொன்றன. இருவருக்கும் 19 வயது. பூங்கா உருவானது 1910இல், அதுவரை அங்கே கரடி தாக்கி யாரும் இறந்ததில்லை. ஒரே இரவில் இரண்டு பேர், இரண்டு பேரும் பெண்கள். உடனே விளக்கம் ரெடி. மாதவிடாய்.

உண்மையில் நடந்தது என்ன? ஒரு இடத்தில், கிரானைட் பார்க் என்கிற மலை விடுதியில், சமையலறை மிச்சத்தை வெளியே கொட்டினார்கள். அதைத் தின்ன இரவுதோறும் கரடிகள் வந்தன. அதை வேடிக்கை பார்ப்பது விருந்தினர்களுக்குப் பொழுதுபோக்கு. இன்னொரு இடத்தில், டிரவுட் ஏரிப் பக்கம், குப்பைக்கும் முகாம் சாப்பாட்டுக்கும் பழகிப்போன கரடி ஒன்று அந்தக் கோடை முழுக்க ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தது. புகார்கள் போயிருந்தன. மனிதர் பக்கத்தில் சோறு உண்டு என்று கரடிக்குச் சொல்லிக்கொடுத்தது நிர்வாகம். குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது செத்துப்போன பெண்களின் கருப்பையை. குப்பை விஷயத்தில் பூங்கா பிறகு திருந்தியது, ஆனால் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கரடிக் காட்டுக்கு வராமலிருப்பது நல்லது என்ற துண்டறிக்கை பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தது. 1991இல் வெளியான ஆய்வு ஒன்றில், மின்னசோட்டாவின் கருங்கரடிகள் முன்னால் பயன்படுத்திய டாம்பன்களைப் போட்டே பார்த்தார்கள். கரடிகள் சட்டை செய்யவில்லை. கிரிஸ்லிக் கரடிகளை மாதவிடாய் வாசனை இழுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று யெல்லோஸ்டோன் பூங்காவே சொல்லிவிட்டது. பனிக்கரடிகள் பற்றிய ஓர் ஆய்வு மட்டும் வேறு விதமாகச் சொன்னது. பொதிகையில் பனிக்கரடி கிடையாது.

நம் குரங்கணியை நான் மறக்கவில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி நடக்கப் போனவர்களும் அதில் உண்டு. அந்த வாரம் முழுக்க டீக்கடையிலும் டிவியிலும் ஒரே கேள்வி. பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேலை? கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. புல் காய்ந்து கிடக்கிற மாதத்தில் அந்தப் பாதை ஏன் திறந்திருந்தது? போவது யார், வருவது யார் என்ற கணக்கு யாரிடம் இருந்தது? தீ வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? தீ ஆண் பெண் பார்த்து எரிக்கவில்லை, இறந்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். ஆம்பிளைப் பையன்களுக்கு எதுக்கு மலை என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனையும் தாண்டி உள்ளே போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நமக்கு என்ன காட்டுகிறார்கள்? யானைக்கூட்டம் வந்தால் கைடு கொம்பனைத் தேடுவார், கேமராக்களும் கொம்பனைத் தேடும். கூட்டத்தை நடத்திப் போகிறவள் மூத்த பெண் யானை. எந்தக் கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்பது அவள் ஞாபகத்தில் இருக்கிறது. ஆசிய யானையில் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது, அதனால் போட்டோவுக்கு லாயக்கில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இருவாச்சி விஷயத்தில். ஆனைமலைப் பக்கம் எந்த கைடோடு போனாலும் இந்தக் கதை உண்டு. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் அடைந்துகொள்ளும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆண் இறந்துவிட்டால் பெண்ணும் குஞ்சும் உள்ளேயே பட்டினி கிடந்து உயிரை விடும். "கற்புன்னா அதுதான் சார் கற்பு." சார்கள் தலையாட்டுவார்கள். மேடம்களும்.

பறவை என்ன செய்கிறது என்று பாருங்கள். பொந்தை அடைக்கும் சுவரின் பெரும்பகுதியை உள்ளிருந்தபடி அவளே கட்டுகிறாள். எச்சத்தையும் பழக் கழிவையும் குழைத்துப் பூசி, அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடுகிறாள். பாம்புக்கும் மரநாய்க்கும் எதிரான கோட்டை அது. உள்ளே இருக்கும்போதுதான் இறக்கைச் சிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறாள். பெரிய இருவாச்சியில், குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் அவளே சுவரை உடைத்து வெளியே வருகிறாள். உள்ளே இருக்கிற குஞ்சு மறுபடி பூசிக்கொள்கிறது. பிறகு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஊட்டுகிறார்கள். கட்டியது அவள், உடைப்பதும் அவள். இதில் கற்பு எங்கே வந்தது? கதையில் மாதக்கணக்கில் அலைந்து திரிந்து அத்திப்பழம் கொண்டுவருகிற அப்பனை உதாரணமாகக் காட்டி, பிள்ளை பெற்ற வீட்டில் ஆண்கள் அப்படிச் செய்ய வேண்டும் என்று எந்த கைடாவது சொன்னால் நான் அவருக்கு டிப்ஸ் தருவேன். இருவாச்சியிடமிருந்து பெண்ணியம் கற்றுக்கொள்வோம் என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு நம் கற்பும் வேண்டாம், நம் புரட்சியும் வேண்டாம். பொந்துள்ள பெரிய மரமும் அத்தி மரமும் வெட்டாமல் இருந்தால் போதும்.

பெண் காட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்க்கிறவர் மாறினால் பார்வைக்குக் கிடைப்பதும் மாறும். ஜமால் ஆரா என்கிற பெண் பறவைகளைக் கவனித்துப் புத்தகம் எழுதினார், நேஷனல் புக் டிரஸ்ட் அதை 1970இல் வெளியிட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? நம் சென்னையில் ஜெ. விஜயா இருந்தார். கல்லூரிக் காலத்திலேயே பாம்புப் பண்ணையில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று சொல்லும்படி வளர்ந்தவர். பிரம்பு ஆமை என்ற காட்டு ஆமையை 1912இல் ஒருமுறை விவரித்து எழுதியபின் விஞ்ஞானிகள் யாரும் உயிரோடு பார்க்கவில்லை. 1982இல் விஜயா கேரளக் காட்டுக்குள் போய், காடர் மக்கள் துணையோடு அதைக் கண்டுபிடித்தார். அதைப் படிப்பதற்காகக் காட்டுக்குள் ஒரு குகையில் தங்கினார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். 1987இல், 28 வயதில் இறந்துபோனார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கே விஜயாசெலிஸ் என்று பெயர் வைத்தார்கள். எழுபது ஆண்டுகள் ஆண்கள் கண்ணில் படாத ஆமை. குகையில் தங்க அவர் எந்த செக்போஸ்டில் எத்தனை மணி நேரம் நின்றாரோ.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளைத் திறந்து, முன்பதிவு வசதியும் செய்தது. வரவேற்கிறேன். அதே மூச்சில் கேட்கவும் செய்கிறேன். நடக்கிற நாள் முழுக்கப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை, தெரியுமா உங்களுக்கு? சிறுநீர் கழிக்க மறைவிடம் கிடைக்குமா, கேட்டால் ஆண் கைடு என்ன நினைப்பார், குழு நிற்குமா என்று யோசித்து யோசித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடிவிடுகிறோம். ஏறும்போது தலை சுற்றினால், பெண்களுக்கு ஸ்டாமினா இல்லை என்று பெயர். புறப்படும் இடத்திலும் முகாமிலும் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறை வேண்டும். வழியில் பத்து நிமிடம் நின்று, ஆண்கள் முன்னால் போங்கள் என்று கைடே சொல்ல வேண்டும். அதற்குப் பணம்கூடச் செலவில்லை. பயன்படுத்திய நாப்கினைக் காட்டில் போடாமல் திரும்பக் கொண்டுவர மூடியுள்ள பை கொடுங்கள். கிளேசியர் பூங்கா கற்றுக்கொண்ட பாடம் அதுதான். எந்தக் கழிவையும் காட்டில் விடாதே.

கைடாகப் பெண்களை எடுங்கள். சுள்ளிக் கட்டோடு வந்த அந்த அக்கா மாதிரி, ஓடைக்கரையில் யானை நிற்கிறது என்று காற்றை வைத்தே சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு மலையடிவார ஊரிலும் இருக்கிறார்கள். பழங்குடிப் பெண்களை முகாமில் சமைக்கவும் பெருக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களை முன்னால் நடக்க விட்டு, ஆண் கைடுக்குத் தருகிற அதே கூலியை, அதே நாளில், அவர்கள் கையில் கொடுங்கள். செக்போஸ்டில் ஒரு அறிவிப்புப் பலகையும் வையுங்கள். அனுமதிக் கடிதம் இருக்கிறதா, எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். கேட்கக் கூடிய கேள்விகள் இந்த நான்குதான்.